ஆயிரம் டாலர் மொட்டை

எங்கள் ஊர்ப் பக்கம் மொட்டை என்றால் இருக்கன்குடி. சாத்தூரில் பஸ் மாறி மாரியம்மன் கோயிலில் போய் இறங்கினால், முடி இறக்குபவர் தலையில் தண்ணீரை அடித்துத் தேய்த்து, பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் செருகி, ஊர்க்கதை பேசிக்கொண்டே மூன்று நிமிஷத்தில் வேலையை முடித்துவிடுவார். அப்புறம் ஆற்றில் தண்ணீர் ஓடினால் ஆற்றில், இல்லாவிட்டால் குழாயடியில் ஒரு குளியல், தலை நிறையச் சந்தனம், சோலி முடிந்தது. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021-லிருந்து இதற்குக் கட்டணம்கூடக் கிடையாது.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், ஒரு மொட்டைக்கு ஆயிரம் டாலர் இலக்கு வைத்து, இரண்டு மாதம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டு வசூலித்து, போன மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை நியூ ஜெர்சியில் ஓர் ஐரிஷ் பப்பில் பீர் வாசனைக்கு நடுவே தலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாஷிங் மெஷினுக்கும் பிரியாணிக் கடைக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதியவன் இதற்கு எழுதாமல் விடக் கூடாது. அடுத்த வருஷம் போக நினைக்கும் நம் ஆட்களுக்கு உதவும்.

இதை நடத்துவது செயின்ட் பால்ட்ரிக்ஸ் என்ற அறக்கட்டளை. அப்படி ஒரு புனிதர் எந்தச் சர்ச்சிலும் கிடையாது. செயின்ட் பாட்ரிக்கின் பெயரோடு வழுக்கைக்கான ஆங்கிலச் சொல்லை ஒட்டவைத்து உண்டாக்கிய ஆசாமி. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கே இன்சூரன்ஸ் விற்கும் தொழிலில் இருந்த டிம் கென்னி, ஜான் பெண்டர், எண்டா மெக்டானெல் என்ற மூன்று பேர், தங்கள் தொழில்காரர்களின் செயின்ட் பாட்ரிக் தின விருந்தை வெறும் குடியும் கூத்துமாக முடிக்காமல் கேன்சர் வந்த குழந்தைகளுக்கு உபயோகமாகச் செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். 17-ம் தேதி, 17 தலை, தலைக்கு ஆயிரம், ஆக 17,000 டாலர் என்று கணக்கு. 2000 மார்ச் 17 அன்று மன்ஹாட்டனில் ஜிம் பிரேடீஸ் என்ற பப்பில் 19 தலைகள் மொட்டையாயின. சேர்ந்த பணம் 1,04,000 டாலருக்கு மேல். இன்றைக்கு அமெரிக்கா முழுக்க பப், தீயணைப்பு நிலையம், பள்ளிக்கூடம் என்று கண்ட இடத்தில் நடக்கிறது. குழந்தைகள் கேன்சர் ஆராய்ச்சிக்கு 2005-லிருந்து 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு 46 வயது. முன்நெற்றி ஏறவில்லை. கறுப்பில் பாதி அப்பா கொடுத்தது, மீதி டை. ஆபீஸில் என் அடையாளமே முடிதான். இப்படிப்பட்டவன் ஏன் போனான் என்றால், எங்கள் அபார்ட்மெண்டில் இரண்டு வாசல் தள்ளி இருக்கும் கோவில்பட்டிக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பையனுக்கு அப்போது ஐந்து வயது. 2024 கோடையில் முழங்கால் வலிக்கிறது என்றான். வளர்கிற வலி என்றோம், நானும்தான் சொன்னேன். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. தொடையில் அங்கங்கே கன்றிப்போயிருந்தது. சைக்கிளில் விழுந்திருப்பான் என்று நினைத்தோம். ரத்தப் பரிசோதனை செய்த அன்று இரவே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். லுக்கேமியா, ரத்தத்தில் வரும் கேன்சர்.

எங்களுக்கு இது தெரியவந்தது இரண்டு மாதம் கழித்துத்தான். வெளியில் 'ரத்தத்தில் இன்ஃபெக்‌ஷன்' என்று சொல்லிவைத்திருந்தார்கள். ஊரில் பையனின் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். குழந்தைகளுக்கு வரும் லுக்கேமியா பரம்பரையாக வருவது அபூர்வம் என்று டாக்டர் எத்தனை தடவை சொன்னாலும், 'அந்த வீட்டில் அந்த வியாதியாமே' என்று ஒரு வாய் பேசினால் போதுமே. பாட்டி, அதாவது கோவில்பட்டி ஆச்சி, இன்றுவரை அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'பிள்ளைக்கு மேலுக்கு முடியல' என்பதோடு சரி.

முடி கொட்ட ஆரம்பித்ததும் பையனின் அப்பாவே மெஷின் வைத்து எடுத்துவிட்டார். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. தமிழர் வீட்டில் மொட்டைத் தலைப் பையனை யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். லிஃப்டில் ஒரு அக்கா அவன் தலையைத் தடவி, "மொட்டை போட்டாச்சா கண்ணு, எந்தக் கோயில்ல?" என்று கேட்டிருக்கிறார். அவன் அம்மா சட்டென்று, "பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில்ல" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பையன் கேட்டிருக்கிறான்: "ஏம்மா பொய் சொன்ன?" அன்று ராத்திரி என் மனைவியிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். அந்தப் பெண் எங்களிடம் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

இந்த மொட்டை விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான், கிளினிக்கில் இன்னொரு பையனின் அம்மா மூலமாக. ஜனவரியில் ஒருநாள் வந்தாள். "அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். பணம் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் தலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

சரி, மதிப்புரைக்கு வருகிறேன்.

பதிவு செய்வது சுலபம். அவர்கள் இணையதளத்தில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடக்கும் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து, மொட்டை போடுகிறவராகப் பெயர் கொடுத்தால், உங்களுக்கென்று ஒரு பக்கம் திறந்துகொடுக்கிறார்கள். போட்டோ போட்டு, ஏன் செய்கிறீர்கள் என்று நாலு வரி எழுதி, இலக்குத் தொகை வைத்து, சுட்டியை அனுப்ப வேண்டியதுதான். முடி கொடுக்க மனமில்லாதவர்கள் வெறும் தொண்டராகவும் போகலாம்.

கஷ்டம் அந்த நாலு வரியில்தான் இருக்கிறது. எனக்கு மூன்று நாள் ஆனது. நமக்குக் கொடுக்கத் தெரியும், கேட்கத் தெரியாது. கோயிலில் அண்டா உண்டியலைப் பார்த்தால் கை தானாகப் பைக்குள் போகும், ஆனால் வாட்ஸப் குரூப்பில் 'தயவுசெய்து கொடுங்கள்' என்று எழுத விரல் வராது. அதைவிடக் கஷ்டம் கேன்சர் என்ற சொல்லை எழுதுவது. முதலில் 'நோயுற்ற குழந்தைகளுக்காக' என்று எழுதினேன். பையனின் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நானே சொல்லத் துணிஞ்சிட்டேன். நீங்க என்ன முழுங்குறீங்க?" என்றாள். மாற்றி எழுதினேன்.

சுட்டியை அபார்ட்மெண்ட் குரூப், காலேஜ் குரூப், தமிழ்ச் சங்கத்துக் குரூப் மூன்றிலும் போட்டேன். முதல் இரண்டு நாள் கைகூப்பும் பொம்மைகள் மட்டும் வந்தன. மூன்றாம் நாள் ஒருவர் 51 டாலர் போட்டார். உடனே அடுத்தவர் 101. கொடுத்தவர் பெயரும் தொகையும் பக்கத்தில் வரிசையாகத் தெரியும். வேண்டாம் என்றால் மறைத்துக்கொள்ளலாம், நம்மவர் யாரும் மறைக்கவில்லை. பார்த்தால் அசல் மொய் நோட்டு. அமெரிக்காக்காரர்கள் 50, 100 என்று போட, நம் ஆட்கள் எல்லாரும் ஒரு டாலர் சேர்த்தே போட்டிருந்தார்கள். என் மேனேஜர், எல்லாரும் ஏன் ஒன்றில் முடிக்கிறார்கள் என்று கேட்டார். மொய்க் கணக்கை விளக்கியதும் அவரும் 151 போட்டார். கடைசியில் 2,316 டாலர் சேர்ந்தது. இதில் எனக்குக் கிடைத்த பாடம், இருபது வருஷமாகக் கூடவே இருந்தவர்கள் மூன்று பேர் அன்று ராத்திரியே தனியாகப் போன் செய்தார்கள். ஒருவருக்கு அண்ணன் மகள், ஒருவருக்குத் தங்கை பையன், ஒருவருக்குத் தன் சொந்த மகன், எல்லாருக்கும் இதே கேன்சர் கதைதான். யாரும் அதுவரை சொன்னதில்லை.

நிகழ்ச்சி நடந்த பப்பின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, காரணம் பின்னால் வரும். நியூயார்க் எல்லைக்கு இந்தப் பக்கம், பேர்ல் ரிவர் என்ற ஊருக்குக் கூப்பிடு தூரம். நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து ஒரு மணி நேரம். அந்தப் பகுதி முழுக்க ஐரிஷ்காரர்கள், மார்ச்சில் எங்கு பார்த்தாலும் பச்சை. எனக்கு அந்த ஊர்ப் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரியும். பையனுக்கு நோய் வந்தபின் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்ததில் கிடைத்தது. எல்லப்பிரகட சுப்பாராவ் என்று ஒருவர், பீமவரத்துக்காரர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். காந்தி பேச்சைக் கேட்டு ஆபரேஷன் தியேட்டருக்குக் கதர் அங்கியில் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஆகாமல், முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா வந்து, பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சிக்குத் தலைவரானார். அவருடைய குழு செய்து கொடுத்த அமினோப்டெரின் மருந்தைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் லுக்கேமியா வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துப் பேருக்கு நோய் கொஞ்ச காலமாவது அடங்கியது. அந்தக் கட்டுரை வந்தது 1948-இல். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அந்த மருந்தின் தம்பி மெத்தோட்ரெக்சேட்டை இன்றைக்கும் எங்கள் பையனின் முதுகுத்தண்டில் ஏற்றுகிறார்கள். காரில் போகும்போது இதை விலாவாரியாகச் சொன்னேன். என் மகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள்.

பார்க்கிங் மோசம். பதினொரு மணி என்றால் பத்தேகாலுக்கே போய்விடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் பெயரைச் சரிபார்த்து ஒரு பச்சை டி-ஷர்ட் கொடுத்தார்கள். நம் தொப்பைக்குப் பெரிய அளவாகக் கேட்டு வாங்குங்கள். மேடையில் ஐந்து நாற்காலி, நாற்காலிக்கு ஒரு முடிதிருத்துபவர். எல்லாரும் உரிமம் உள்ள தொழில்காரர்கள், அன்று கூலி வாங்காமல் வந்தவர்கள். தீயணைப்பு வீரர்கள் ஒரு கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம், வங்கிக்காரர்கள் ஒரு கூட்டம். பேக்பைப் ஊதிக்கொண்டு ஐந்து பேர் சுற்றி வந்தார்கள். மூடிய அறைக்குள் அந்தச் சத்தம், நாதஸ்வரத்தைக் காதுக்குள் வைத்து ஊதிய மாதிரி. ஏழு வருஷம் விடாமல் மொட்டை போட்டவர்களுக்கு நைட் பட்டம் கொடுத்து, வாளால் தோளைத் தொட்டு, கூட்டம் கத்துகிறது. வட்ட மேஜை வீரர்கள் மாதிரி இவர்கள் வழுக்கை மேஜை வீரர்களாம்.

அன்று பட்டம் வாங்கியவர்களில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் இருந்தார். சட்டையில் தங்க நிற ரிப்பன் குத்தியிருந்தார், குழந்தைகள் கேன்சருக்கு அதுதான் நிறம். அவர் மைக்கில் பேசியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. மகளுக்கு முதல் கீமோ நடந்த வருஷம் முதல் மொட்டை. மகள் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம். "அடுத்த மார்ச்சிலும் வருவேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது பேக்பைப்காரர்கள் ஊதவில்லை.

பையன் வருவானா என்பது காலைவரை நிச்சயமில்லை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை (கவுண்ட்) குறைவாக இருந்தால் கூட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது. வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை நன்றாக வந்ததால், மாஸ்க் போட்டு, பக்கவாட்டுக் கதவோரம், இருபது நிமிஷம் மட்டும் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். நோயோடு போராடும் குழந்தைகளை மேடைக்கு அழைத்துக் கௌரவிப்பார்கள். விருப்பமிருந்தால் முதல் வரியை அவர்களே எடுக்கலாம். என் முறை வந்ததும் அந்த முடிதிருத்தும் பெண் கிளிப்பரை அவன் கையில் கொடுத்து, மேலே தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

கிளிப்பர் நெற்றியைத் தொட்டதும் நான் தோளைக் குறுக்கிவிட்டேன். கூச்சம்தான்.

"அசையாதீங்க மாமா. அசைஞ்சா மறுபடியும் முதல்லேருந்து செய்யணும்" என்றான்.

அது அவன் பேச்சு இல்லை. கிளினிக்கில் அவனுக்கு யாரோ அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். ஒருதடவை இல்லை, பலதடவை. நெற்றியிலிருந்து உச்சி வரை ஒரு கோடு போட்டான், வரப்பு வெட்டிய மாதிரி கொஞ்சம் கோணலாக. பிறகு, "வலிச்சுச்சா?" என்றான். இல்லை என்றேன். "எனக்கும் வலிக்கல. கொட்டுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

தொழில் நேர்த்திக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. கத்தி கிடையாது, கிளிப்பர் மட்டும்தான். அதனால் வழவழவென்று வராது, அறுவடை முடிந்த வயல் மாதிரி தாள் நிற்கும். இருக்கன்குடிக்காரர் பார்த்தால் சிரிப்பார். பின்கழுத்தில் இரண்டு இடத்தில் சிராய்ப்பு. நாலு நிமிஷத்துக்கு ஒரு தலை என்று ஓடும்போது அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. நம் கோயில்களில் முடியை ஏலம் விடுவார்கள், முடியே காணிக்கை. இங்கே என் முடியைப் பெருக்கிக் குப்பையில் போட்டார்கள். பார்க்கக் கொஞ்சம் மனசு அடித்துக்கொண்டது, டை அடித்த முடிதான் என்றாலும்.

சாப்பாடு: பப்பின் மேல் எனக்குக் கோபம் இதில்தான். விற்பதில் ஒரு பங்கு நிதிக்குப் போகும் என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். பங்கு எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். சைவத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் மட்டும், அதுவும் ஐம்பது நிமிஷம் கழித்து, ஆறிப்போய். ஐந்துக்கு ஒன்றரை. வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், காரில் வைத்துச் சாப்பிடலாம். நாங்கள் கடைசியில் அதைத்தான் செய்தோம்.

என் கம்பெனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊழியர் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக நாங்களும் கொடுப்போம் என்று சேர்க்கைப் பயிற்சியிலேயே படம் காட்டுவார்கள். அந்த விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பி, ரசீது கேட்டு, மூன்று மாதம் கழித்துத்தான் பணம் விட்டார்கள். உங்கள் கம்பெனியில் அந்த வசதி இருந்தால், மொட்டைக்கு முன்பே மனிதவளத் துறையைப் பிடித்துவிடுங்கள்.

பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு: முதல் மொட்டைப் பணம் போன இடமே சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப், இருநூறுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் சேர்ந்து ஆய்வு நடத்தும் கூட்டமைப்பு. குழந்தைகளுக்குக் கேன்சர் வருவது பெரியவர்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அது நல்ல செய்திதான், ஆனால் அதனாலேயே மருந்துக் கம்பெனிக்கு அது சின்னச் சந்தை. எந்த ஒரு மருத்துவமனையிலும் ஆய்வுக்குப் போதுமான பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், சேர்ந்துதான் செய்ய வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பணத்தில் குழந்தைகளுக்கு வருவது ஏறத்தாழ 4 சதவீதம் என்பது இந்தக் குடும்பங்கள் வாய் ஓயாமல் சொல்லும் கணக்கு. மேடையில் பேசிய ஒவ்வொருவரும் சொன்னார்கள்.

இந்த ஆராய்ச்சி என்னதான் செய்கிறது என்றால், எங்கள் பையனின் முதுகுப் பையைக் காட்டலாம். பிளினாட்டுமோமாப் என்று ஒரு மருந்து. வாயில் நுழையாத பெயர், அவன் 'பிளினா' என்பான். வழக்கமான கீமோவோடு இதையும் சேர்த்தால் என்ன ஆகிறது என்று 1,440 பிள்ளைகளிடம் அந்தக் கூட்டமைப்பு ஆய்வு செய்தது. மூன்று வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கீமோ மட்டும் வாங்கியவர்களில் 87.9 சதவீதம், இதையும் வாங்கியவர்களில் 96 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், சீட்டுக் குலுக்குவது போலப் பிள்ளைகளைப் பிரிப்பதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு வெளிவந்தது 2024-இல், இவனுக்கு நோய் தெரிந்த அதே வருஷம். நோய் ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் இவன் எந்தப் பக்கம் விழுந்திருப்பானோ.

28 நாள், ராத்திரி பகல் விடாமல் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். பம்பை ஒரு சின்ன முதுகுப் பையில் வைத்து, குழாயை மார்பில் தோலுக்கு அடியில் வைத்திருக்கும் போர்ட் என்ற ஊசிவாயில் இணைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பையோடே தூங்கினான், அந்தப் பையோடே எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தான். ஒருநாள் பம்ப் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. பெரியவர்கள் நாங்கள் பதறிக்கொண்டிருக்க, அவனே குழாய் மடங்கியிருந்த இடத்தை நீவிவிட்டு, 'காத்து இல்ல, மடங்கிருச்சு' என்றான். சுண்டலை விட்டுக் கையைக்கூட எடுக்கவில்லை.

பழைய மருந்துகளும் போகவில்லை. வாராவாரம் ஓர் ஊசி போட்டார்கள், வின்கிரிஸ்டின். அதைப் போட்ட காலத்தில் பாதத்தை இழுத்து இழுத்து நடந்தான். அது நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது என்று தெரிந்ததும் நானும் அவன் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கரிசல் காட்டில் மழையை நம்பி அதை ஏக்கர் கணக்கில் விதைப்பார்கள். இலையும் வேரும் லாரியில் போகும், எங்கே போகிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. பூவைப் பெண்கள் தலையில் வைக்க மாட்டார்கள், சாமிக்கும் ஆகாது. சுடுகாட்டு மல்லி என்றுதான் அதற்கு எங்கள் தெருவில் பெயர். 1963-இல் அதிலிருந்து வந்த மருந்து, மற்ற மருந்துகளோடு சேர்ந்து, 1960-களின் தொடக்கத்தில் பத்தில் ஒரு பிள்ளைகூடத் தேறாத இந்த வகை லுக்கேமியாவில் இன்று பத்தில் ஒன்பது பேரைக் காப்பாற்றுகிறது.

கடைசியாகப் பையனின் அம்மா மைக் பிடித்தாள். அது திட்டத்தில் இல்லை. மேடைக்காரர் சும்மா நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்து நடுவில் தமிழுக்கு வந்துவிட்டாள். "என் பிள்ளைக்குக் கேன்சர். நான் எல்லார்கிட்டயும் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று அவள் சொன்னபோது அந்த அறையில் அது புரிந்தவர்கள் எங்கள் இரண்டு குடும்பம் மட்டும்தான். மற்றவர்கள் புரிந்த மாதிரியே கை தட்டினார்கள். என் மகள் அதை வீடியோ எடுத்து, யாரையும் கேட்காமல் குரூப்பில் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் கோவில்பட்டி போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். சித்திக்குப் பேசிக்கொண்டிருந்த இடம் ஒன்று அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. ஆச்சி மகளோடு இரண்டு வாரம் பேசவில்லை. என் மகளைத் திட்டினேன். பையனின் அம்மாதான், "விடுங்க அண்ணாச்சி, நான் எடுத்துருந்தா நானே போட்டுருப்பேன்" என்றாள். அடுத்த மார்ச்சுக்கு அவளே பெயர் கொடுக்கப் போகிறாளாம். நாற்பத்தாறு அம்மாக்கள் என்று ஒரு குழு இருக்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு வேலை நாளும் 46 தாய்மாரிடம் டாக்டர் அந்தச் சேதியைச் சொல்கிறார் என்ற கணக்கில் வைத்த பெயர், அத்தனை பேரும் மொட்டை போட்டவர்கள். அவர்கள் படங்களை என் மனைவியிடம் காட்டிக்கொண்டிருந்தாள். பையனின் அம்மாவுக்கு இடுப்புவரை முடி. எட்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் குழந்தைகளுக்கு விக் செய்கிறவர்களிடம் கொடுக்கலாம், குப்பைக்குப் போக வேண்டாம். என் மனைவி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

போகிறவர்களுக்கு: மார்ச்சில் வெளியே வரும்போது குளிர் மண்டையில் நேராக இறங்கும், குல்லா அவசியம். வெயில் அடித்தால் சன்ஸ்கிரீன். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் பேக்பைப்புக்குக் காதுப் பஞ்சு. மொத்தத்தில் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், பப்பைக் கழித்துவிட்டு.

இரண்டு வாரம் கழித்து ஆச்சி வீடியோவில் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். என் தலையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயில்ல எறக்குனய்யா?" என்றார். கோயில் இல்லை ஆச்சி, இங்கே ஒரு கடையில் என்று இழுத்தேன். பையன் பின்னாலிருந்து, "பீர் கடை" என்றான்.

"சாராயக் கடையிலயா பிள்ளைக்கு வேண்டிக்கிட்டிக?"

நான் ஆராய்ச்சி, நிதி என்று ஏதோ விளக்கினேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சந்தனம் தேச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதான் மொகம் கறுத்துக் கெடக்கு. சூடு ஏறும்ய்யா, நாளைக்கே தேயி."

ஓக் ட்ரீ ரோட்டில் சந்தனப் பொடி டப்பா கிடைக்கிறது. கிளிப்பர் சிராய்த்த இடம் ஆறிய பிறகு தேய்த்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் தேய்த்தால் எரியும்.